பதினோரு சேலையும் ஒரு நாற்காலியும்

காவேரியக்காவோட கால நீங்க பாத்திருக்கணும். முட்டிக்குக் கீழ நரம்பெல்லாம் பச்சையா சுருண்டு சுருண்டு, தோலுக்கு அடில மண்புழு பூந்துக்கிட்ட மாதிரி இருக்கும். மொத நாள் பாத்துட்டு பயந்தே போயிட்டேன். "என்னக்கா இது?"ன்னு கேட்டேன். சிரிச்சாங்க. "இதுவா? ஒம்போது வருசம் நின்னதுக்கு கட குட்த்த போனசு."

அந்தக் காலுக்காகத் தான் இத எழுதறேன். கோவத்துல எழுதறேன், முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. கோவம் ஆறினதுக்கு அப்புறம் எழுதலாம்னு பாத்தேன், அது ஆறவே இல்ல.

தொண்ணூத்தி எட்டு தீபாவளி சீசன். என் பேரு சாரு, மந்தைவெளில வீடு, கரஸ்பாண்டன்ஸ்ல பி.காம் ரெண்டாவது வருஷம். தி.நகர் உஸ்மான் ரோட்ல நாலு மாடி ஜவுளிக்கடை ஒண்ணு, பேர் வேணாம். அங்க சீசனுக்கு மட்டும் பொண்ணுங்கள எடுத்தாங்க. நானும் போய்ச் சேந்தேன். ரெண்டாவது மாடி, பூனம் சேலை செக்‌ஷன். எனக்கு வேலை சொல்லிக் குடுத்தது காவேரியக்கா. நொச்சிக்குப்பம். வீட்டுக்காரர் கடலுக்குப் போறவர், பையன் ஆறாவது படிக்கிறான், அம்மா முத்தம்மா ரோட்டோரம் மீன் விக்கிறாங்க. அக்காவுக்கு முப்பத்தி மூணு வயசு. தினம் ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தி, ரெண்டு தடவ சோப்பு போட்டுக் குளிச்சிட்டுத் தான் வருவாங்க. ஏன்னா சேந்த புதுசுல சூப்பர்வைசர் கங்காதரன், அத்தன பேர் முன்னாடி மூக்கப் புடிச்சுக்கிட்டு, "யாரும்மா அது வஞ்சிரம்?"னு கேட்டானாம். ஒம்போது வருஷத்துக்கு முன்னாடி கேட்டது. அக்கா நேத்து கேட்ட மாதிரி சொல்லுவாங்க.

கடைல ரூல் என்ன தெரியுமா? காலைல ஒம்பதரைலேந்து ராத்திரி ஒம்பதரை வரைக்கும் நிக்கணும். நாற்காலி எல்லாம் கஸ்டமருக்கு. கவுன்டருக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல் கூடக் கெடையாது. ரேக்ல முதுகு பட்டா கங்காதரன் பேட்ஜ் நம்பர எழுதிப்பான். கூட்டமே இல்லாத மத்தியானம் மூணு மணிக்கும் நிக்கணும். யாருக்காக? காத்துக்காக! சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம். மொட்டமாடிக்குப் போற படிக்கட்டுல உக்காந்து சாப்பிடுவோம். அந்தப் படிக்கட்டு தான் எங்களுக்கு சொர்க்கம்.

இதுல திங்கக்கிழமை திங்கக்கிழமை காலைல ஒம்பது மணிக்கு ஊக்கக் கூட்டம் வேற. கோட்டு போட்ட வேதாந்தம் சார்னு ஒருத்தர முதலாளி ஏற்பாடு பண்ணியிருந்தாரு. கீழ் மாடில நூத்தி எம்பது பேர் நிப்போம், அவரு மைக் புடிச்சுக்கிட்டுப் பேசுவாரு. "காலையில் எழுந்தவுடன் கண்ணாடியைப் பார்த்து, நான் ஜெயிப்பேன்னு மூணு முறை சொல்லுங்க! உங்க இலக்கை ஒரு அட்டையில எழுதுங்க! ஒரு நாளைக்குப் பத்து தடவை உங்க கண்ணுல படற இடத்துல அதை வையுங்க!" அவ்ளோ நேரம் பேசிட்டு, தொண்டை காஞ்சு போய், நாற்காலில உக்காந்து இளநி குடிப்பாரு. நாங்க நின்னுக்கிட்டே கை தட்டுவோம்.

மறைக்காம சொல்லிடறேன், எனக்கு அந்த ஆள ரொம்பப் புடிச்சுது. நோட்ல எழுதி வெச்சுக்குவேன். வீட்டு பீரோ கண்ணாடில 'சி.ஏ.'ன்னு பெருசா எழுதி ஒட்டினேன்.

"நீங்க என்னக்கா ஒட்டினீங்க?"ன்னு கேட்டேன்.

"எங்கூட்ல கண்ணாடி கைல புடிக்கிற சைஸ்ல தான் கீது. அதுல ஒட்டுனா மூஞ்சி தெரியாது. பீரோ வாங்கச் சொல்லு அந்தாள, ஒட்டிடலாம்."

எல்லாருக்கும் சிரிப்பு. ஆனா அக்கா ஒட்டியிருந்தாங்க. எங்கன்னு அப்ப எனக்குத் தெரியாது.

அக்கா பத்தாவது எழுதிக்கிட்டிருந்தாங்கன்னு படிக்கட்டுல சாப்பிடறப்ப தான் சொன்னாங்க. தனித்தேர்வரா. ஆரம்பிச்சது கூட படிக்கணும்னு இல்ல. ஒரு நாள் ஒரு அம்மா நாப்பது சேலைய விரிக்கச் சொல்லிட்டு, ஒண்ணும் வாங்காம எழுந்து, கூட வந்த பொண்ணு கிட்ட, "நன்னா படிடி, இல்லேன்னா இவள மாதிரி புடவ மடிச்சிண்டு நிக்க வேண்டியது தான்"னு அக்கா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போச்சாம். அன்னிக்கு வந்த கோவத்துல பரீட்சை பாரம் வாங்கிப் போட்டுட்டாங்க. ஒரு எழுத்து படிக்கல. பரீட்சை அன்னிக்கு ஹால்ல போய் பெஞ்சுல உக்காந்தாங்க.

"கேள்வித்தாள் குட்த்தாங்க. ஒண்ணும் புரில. எழுந்து பூடலாம்னு பாத்தேன். அப்பால தான் தோணுச்சு சாரு... ராத்திரி படுக்கறத வுடு, பகல்ல நான் இப்டி ரெண்டரை மணி நேரம் ஒக்காந்து எத்தினி வருசமாச்சு? ஒருத்தன் எழுந்திரின்னு சொல்லல! ஃபேன் வேற சுத்துது. கால நீட்னேன். அப்டியே தூங்கிட்டேன். டீச்சர் வந்து எழுப்புது, ஏம்மா ஒடம்பு சரியில்லியான்னு. நல்லா கீது மேடம், ஒக்காந்துக்கினு கீறேன், அவ்ளோ தான்னேன்."

அடுத்த பரீட்சைக்கும் போனாங்க. அதுக்கு அடுத்ததுக்கும். வெறும் உக்கார்றதுக்காக! சும்மா உக்காந்தா டீச்சர் பாக்கறாங்களேன்னு தெரிஞ்சத எழுத ஆரம்பிச்சாங்க. அந்த வாட்டி தமிழ்ல மட்டும் பாஸ். ரிசல்ட்டப் பாத்துட்டு தான் மண்டைல பல்பு எரிஞ்சுதாம். சும்மா போய் உக்காந்ததுக்கே ஒண்ணு கெடச்சா, படிச்சிட்டுப் போனா?

லஸ்ஸுல பறக்கும் ரயில் ஸ்டேஷன் புதுசா தொறந்திருந்தாங்க இல்ல, அதுல டிக்கெட் கவுன்டர்ல ஒரு பொம்பள சுத்தற நாற்காலில உக்காந்து டிக்கெட் குடுக்கறத அக்கா ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வந்தாங்க. டிக்கெட் வாங்கல, பாத்துட்டு மட்டும் வந்தாங்க. "அந்த வேல கெடைக்கும்னு சொல்லல. பத்தாவது இருந்தா எங்கியாவது ஒரு நாற்காலி கெடைக்கும். அது சுத்தலன்னாலும் பரவால்ல."

அக்டோபருக்குள்ள எல்லாத்தையும் முடிச்சிட்டு கணக்கு மட்டும் பாக்கி. மூணு வாட்டி எழுதி மூணு வாட்டியும் போச்சு. இருபத்தி ரெண்டு, இருபத்தி ஆறு, முப்பத்தி ஒண்ணு. முப்பத்தஞ்சு வேணும். பரீட்சை அக்டோபர் ஆறு, செவ்வாக்கெழம காலைல. தீபாவளி பத்தொம்போது. கடைல ஈ போக எடமில்லாத நேரம்!

"எப்டிக்கா உங்களுக்கு மட்டும் தினமும் படிக்கணும்னு தோணுது? எனக்கெல்லாம் வேதாந்தம் சார் பேசினா ரெண்டு நாள் இருக்கு, அப்புறம் போயிடுது."

"தோணறதா? எவனுக்குத் தோணும்? ராத்திரி பத்தரைக்கு 12பி-ல தொங்கிக்கினு போயி எறங்குனா சோறு துன்றதுக்கே தோணாது. ஆசையெல்லாம் ரெண்டு நாள் தான்டி. கோவம் தான் நிக்கும். ஆனா கோவமும் மீன் மாதிரி. அப்டியே வெளில போட்டா சாயங்காலத்துக்குள்ள நாறிப் பூடும், அவன இவன திட்டிக்கினு திரிவ. ஐஸ் போட்டு வெக்கணும். எங்கம்மா வெக்கும் பாரு, ஒரு வரிசை மீனு, ஒரு வரிசை ஐஸு. அப்டி வெச்சா நாளைக்கும் எடுக்கலாம்."

"உங்களுக்கு ஐஸ் எது?"

"ஒருத்தர் திட்டுனா ஒரு கணக்கு. அவ்ளோ தான். ரெண்டு பேர் திட்டுனா ரெண்டு கணக்கு. சீசன்ல பாரு, கணக்கு போட்டே செத்துருவேன்."

சொல்லிட்டு ஊறுகாய நக்கிக்கிட்டே சிரிச்சாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இப்பவும் தான்.

இப்ப நான் பண்ண வேலைய சொல்றேன்.

எங்க செக்‌ஷன்ல அடி ரேக்ல பதினோரு சேலை தூங்கிக்கிட்டிருந்துச்சு. கிளிப்பச்சை, ஆரஞ்சு பார்டர், நடுவுல ஊதாப் புள்ளி. ரெண்டு வருஷமா எவளும் தொடல. யாராவது தப்பித் தவறி, "அதக் காட்டும்மா"ன்னா அக்கா விரிச்சுப் போட்டுட்டு, மெதுவா, "உங்க கலருக்கு எடுக்காதும்மா"ம்பாங்க. எடுத்து மடிச்சு உள்ள வெச்சுருவாங்க. வேலையே இல்லாத நேரத்துல கூட அந்தப் பதினொண்ணயும் எடுத்து விரிச்சு விரிச்சு மடிப்பாங்க. கங்காதரன் கூட ஒரு தடவ, "பாருங்க, சும்மா நிக்காம தூசி தட்டுது. காவேரியப் பாத்துக் கத்துக்கோங்க"ன்னான். எனக்கு மட்டும் புரியல. விக்காம இருக்கறதுக்கு ஒருத்தங்க இவ்ளோ பாடு படுவாங்களா?

அந்த வாரம் வேதாந்தம் சார் என்ன பேசினார் தெரியுமா? "விற்காத பொருள்னு உலகத்துல எதுவும் கிடையாது! விற்கத் தெரியாத ஆள் தான் உண்டு!" நான் நோட்ல ரெண்டு கோடு போட்டு எழுதிக்கிட்டேன். வியாழக்கெழம அக்கா ஹால் டிக்கெட் வாங்க அர நாள் லீவு போட்டுட்டுப் போனாங்க. நான் நேரா கங்காதரன் கிட்ட போய், "சார், அந்தத் தூங்கற சரக்க கீழ தள்ளுபடி மேஜைல போட்டு ஓட்டிக் காட்டட்டுமா?"ன்னு கேட்டேன். "ஓட்டு பாப்போம்"னான். பதினொண்ணையும் ரெண்டு கைல அள்ளிக்கிட்டு எறங்கினேன். தொண்ட கிழியக் கத்தினேன். சீசன் கூட்டம், தள்ளுபடின்னா சாக்கத் தொங்க விட்டாலும் எடுக்கும். ராத்திரிக்குள்ள பதினொண்ணும் போச்சு! கங்காதரன் எல்லார் முன்னாடியும் எனக்குக் கை தட்டினான். அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல, அவ்ளோ சந்தோஷம்.

மறு நாள் காலைல அக்கா வந்து குனிஞ்சு அடி ரேக்கப் பாத்தாங்க. குனிஞ்சவங்க நிமிரல.

"இங்க இருந்தது எங்கடி?"

"வித்துட்டேன்க்கா! பதினொண்ணும்! ஒரே நாள்ல!"

"வித்துட்டியா?"

"ஆமாக்கா!"

"அதுக்குள்ள என் கணக்கு கீதுடி."

எனக்கு ஒண்ணும் வெளங்கல. அப்புறம் சொன்னாங்க. சேல மடிப்பு கலையாம இருக்க உள்ள ஒரு வெள்ள அட்டை வெப்போம்ல, அந்தப் பதினோரு அட்டைலயும் பின்பக்கம் அக்கா பால்பாயின்ட்ல எழுதி வெச்சிருந்தாங்க. ஒரு அட்டைக்கு ஒரு பாடம். கூம்போட கன அளவு, கூட்டு வட்டி, பித்தாகரஸ், இருபடிச் சமன்பாடு. விரிக்கறப்ப ஒரு தடவ பாக்கறது, மடிக்கறப்ப ஒரு தடவ சொல்லிப் பாக்கறது. வீட்ல புக்கு இருக்கு, ஆனா அதத் தொறக்கறப்ப கண்ணு மூடிக்கும். பகல்ல தான் அக்காவுக்குப் பாடம். எட்டு மாசமா! யாரும் வாங்காத சேலைன்னு நம்பி அதத் தன்னோட நோட்டாக்கி வெச்சிருந்தாங்க. நான் பாவி, கத்திக் கூவி, அவங்க நோட்ட ஊருக்கே வித்துட்டேன்.

அழுதேன். அழுதுக்கிட்டே, "நான் எழுதித் தரேன்க்கா, பதினோரு அட்டையும் இன்னிக்கே எழுதித் தரேன்"னேன்.

"சும்மா இருடி, மூக்க சிந்தாத, சேல மேல படும். கடிதாசி தான் போச்சு. கைக்குத் தெரியும்." அவங்க கை காத்துலயே ஒரு சேலைய மடிச்சுது. ஒதடு அசைஞ்சுது. "மூணுல ஒரு பங்கு பை ஆர் ஸ்கொயர் ஹெச்... கீது, அப்டியே கீது."

அதோட முடிஞ்சிருந்தா பரவால்ல. ஞாயித்துக்கெழம மத்தியானம் மயிலாப்பூர்லேந்து ஒரு மாமி வந்தாங்க, சுப்புலக்ஷ்மின்னு பில்லுல பேரு. கைல என் கிளிப்பச்சை. இன்னொரு கைல அட்டை.

"யாருப்பா இங்க மேனேஜர்? இது என்ன அநியாயம்? எவளோ காலேஜ் பொண்ணு கட்டிண்டு போயிட்டு திருப்பிக் குடுத்த புடவைய எங்க தலைல கட்டியிருக்கேள்! உள்ள பாருங்கோ, கணக்கு கிறுக்கி வெச்சிருக்கா! ஆத்துல சுமங்கலிக்கு வெச்சுக் குடுக்க வாங்கினது. கட்டின புடவையக் குடுத்தா தோஷம் இல்லியா?"

மாமி மேல தப்பில்ல. அவங்க இடத்துல நானா இருந்தாலும் அப்டித் தான் நெனச்சிருப்பேன். கங்காதரன் கைய கூப்பி, வேற சேலை மாத்திக் குடுத்து, காப்பி வாங்கிக் குடுத்து அனுப்பினான். அப்புறம் அந்த அட்டைய எடுத்துக்கிட்டு மேல வந்தான். ஸ்டாக் சீட்டுல இருக்கற கையெழுத்தோட வெச்சுப் பாத்தான். கண்டுபுடிக்க ரெண்டு நிமிஷம் கூட ஆகல.

"ஓ! மீன்காரம்மா கலெக்டர் ஆகப் போறாங்களா?"

அக்கா அட்டைக்குக் கை நீட்டினாங்க. அவன் குடுக்கல.

"செவ்வாக்கெழம பர்மிஷன் கேட்டியே, ஒடம்பு சரியில்லாத அம்மாவ ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவணும்னு... இதுக்குத் தானா? கெடையாது போ."

"சார், காலைல மட்டும் சார். ரெண்டு மணிக்கு வந்துருவேன். ராத்திரி எவ்ளோ நேரம்னாலும் நிக்கிறேன்."

"நிக்கறதுக்குத் தான் சம்பளமே."

நிக்கறதுக்குத் தான் சம்பளமே! அத சிரிச்சுக்கிட்டே சொன்னான்.

திங்கக்கெழம கூட்டம். அன்னிக்கு முதலாளியும் வந்து முன் வரிசை நாற்காலில உக்காந்திருந்தாரு. வேதாந்தம் சார் கைல அக்காவோட அட்டை. கங்காதரன் தான் குடுத்திருக்கான்.

"நண்பர்களே! இன்னைக்கு ஒரு பாடம். ஒரு படகுல ரெண்டு கால் வைக்கலாம், ரெண்டு படகுல வைக்கலாமா? இதைப் பாருங்க. வேலை நேரத்துல, கஸ்டமர் வாங்கற சேலைக்குள்ள, வேற நினைப்பு! இப்படி இருந்தா நம்ம நிறுவனம் வளருமா? காவேரிங்கறவங்க யாரு? முன்னால வாங்கம்மா. வெட்கப்படாதீங்க, இது திட்டறதுக்கு இல்ல, திருத்தறதுக்கு."

அக்கா முன்னால போனாங்க. நூத்தி எம்பது பேரும் பாக்கறோம்.

"ஏம்மா இப்படிச் செஞ்சீங்க?"

"நீங்க தான சார் சொன்னீங்கோ?"

"நானா?"

"மாசி மாசம் சொன்னீங்கோ, இப்பகூட வாரா வாரம் சொல்றீங்கோ. இலக்க அட்டைல எழுது, ஒரு நாளைக்குப் பத்து தபா கண்ல படற எடத்துல வைன்னு. அல்லாரும் கை தட்டுனோம். நான் காலைலேந்து ராத்திரி வரிக்கும் பாக்கறது சேல தான் சார். வேற இன்னாத்துல வெப்பேன்?"

எங்கயோ பின்னாடிலேந்து ஒருத்தி களுக்குன்னு சிரிச்சா. அப்புறம் பத்து பேர். அப்புறம் கை தட்டல்! யாரு ஆரம்பிச்சாங்கன்னு தெரியல, ஆனா வேதாந்தம் சாருக்குத் தட்டினத விட பலமா. அவரு மைக்க வாய் கிட்ட கொண்டு போனாரு, எறக்கினாரு. இளநி கிளாஸ எடுத்தாரு.

முதலாளி எழுந்தாரு. கை தட்டல் நின்னுடுச்சு. "நாளைக்கு யாருக்கும் லீவு கெடையாது. வரலன்னா அப்புறம் எப்பவும் வர வேணாம்." அக்காவ ஒரு தடவ கூடப் பாக்காம, செவத்தப் பாத்துச் சொன்னாரு. போயிட்டாரு.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? ஒண்ணும் பண்ணல. சேலைய எடுத்துட்டுப் போய் வித்தது நான் தான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். வாயத் தொறக்கல. அன்னிக்கு ராத்திரி பீரோ கண்ணாடில இருந்த 'சி.ஏ.' சீட்டக் கிழிச்சுப் போட்டேன். அது தான் என் வீரம்.

செவ்வாக்கெழம ஒம்பதரைக்கு அக்கா வரல. கங்காதரன் வரிசைய எண்ணிட்டு, "மீன்காரம்மா அவுட்டா? சரி"ன்னு பேர அடிச்சான். ஒம்போது வருஷம்! ஒரு கோடு!

பத்து மணி ஆச்சு. நான் சேல மடிக்கிறேன், மனசு பூரா மயிலாப்பூர்ல அக்கா பரீட்சை எழுதற கார்ப்பரேஷன் ஸ்கூல்ல இருக்கு. பதினொண்ணு. பன்னெண்டரை. என் கால் வலிச்சுது, ஆனா அக்கா இப்ப உக்காந்திருக்காங்கன்னு நெனச்சா ஒரு மாதிரி நல்லாருந்துச்சு.

ரெண்டு மணி இருக்கும். ரெண்டாவது மாடில கூட்டம் நெரியுது. மாடிப்படி ஏறி ஒரு அம்மா வந்தாங்க. அரக்குல மாம்பழ பார்டர் பட்டுச் சேல, தலைல முழம் கனகாம்பரம், கைல ஒரு மஞ்சப் பை. நேரா வந்து கவுன்டருக்கு முன்னாடி நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. நல்லா சாஞ்சு. கால நீட்டி.

காவேரியக்கா!

எங்க செக்‌ஷன்ல ஆறு பொண்ணுங்க. ஆறு பேரும் அப்டியே நின்னுட்டோம். நான் ஓடிப் போய், "அக்கா, எப்டி எழுதினீங்க?"ன்னு குசுகுசுன்னு கேட்டேன்.

"அப்பால சொல்றேன். நீ தள்ளு. நீங்க யாரும் சேல எடுக்காதீங்கோ." அப்புறம் சத்தமா, "யாருப்பா சூப்பர்வைசரு? கஸ்டமர் வந்து எத்தினி நேரம் ஆவுது, யாரும் கவனிக்க மாட்டேன்றாங்கோ?"

கங்காதரன் வந்தான். பாத்தான். மூஞ்சி செவந்துச்சு. "ஏய், எழுந்திரு. யார் நாற்காலி அது?"

"கஸ்டமர் நாற்காலி."

"வெளில போ. ஆளக் கூப்பிடட்டா?"

அந்த நேரம் பாத்து முதலாளி ரவுண்ட்ஸ் வந்தாரு. கடவுள் இருக்காரு, இருக்காரு! வந்தவரு கங்காதரன் கை நீட்டிப் பேசறதப் பாத்தாரு. அக்காவப் பாத்தாரு. நேருக்கு நேர் பாத்தாரு. அக்காவும் பாத்தாங்க.

முதலாளி கைய கூப்பி, "வாங்கம்மா, வாங்க. என்ன கங்காதரா, அம்மாவ நிக்க... உக்கார வெச்சு சேல காட்டாம என்ன பேச்சு? ஒரு கூல்ட்ரிங்க் சொல்லு"ன்னாரு.

அடையாளம் தெரியல அவருக்கு! முந்தின நாள் காலைல பத்தடி தூரத்துல நின்னு பேசின பொம்பள. ஒம்போது வருஷமா தினம் வணக்கம் சொன்ன பொம்பள. யூனிஃபார்ம் சேல இல்லன்னா அவருக்கு அவங்க யாரோ! எனக்கு சிரிப்பு வந்துச்சு, அடுத்த நிமிஷம் அழுகை வந்துச்சு, அப்புறம் வந்தது தான் இந்தக் கோவம். இன்னும் போகாத கோவம்.

"பரவால்ல சார்," அக்கா முதலாளி கிட்ட சொன்னாங்க. "இந்தப் பொண்ணுங்க வேணாம், பாவம் டயர்டா கீறாங்கோ. இவரே காட்டட்டும்."

"காட்டு, கங்காதரா."

கங்காதரன் என்ன பண்ணுவான்? இவ நம்ம மீன்காரி சார்னு சொல்லவும் முடியல, முதலாளி கும்பிட்டுட்டாரே! சுத்தி நூறு கஸ்டமர் வேற. கவுன்டருக்குள்ள வந்தான். ஒண்ணு எடுத்து விரிச்சான்.

"அது வேணாம். மேல் தட்டுல கீது பாரு, ஊதா."

எடுத்தான்.

"இது இன்னா பார்டர்? வேற?"

எடுத்தான்.

"நல்லா ஒதறி விரிப்பா. முந்தி தெரில."

முதலாளி அடுத்த செக்‌ஷனுக்குப் போற வரைக்கும் ஆறு. அப்புறமும் அக்கா எழுந்திருக்கல. ரஸ்னா மாதிரி ஏதோ வந்துச்சு, நிதானமா உறிஞ்சிக் குடிச்சாங்க. ஏழு. எட்டு. கங்காதரன் சட்ட முதுகு பூரா நனஞ்சு போச்சு. ஒவ்வொரு சேல விழறப்பவும் அக்கா ஒதடு லேசா அசையுது. எனக்கு மட்டும் தெரிஞ்சுது என்ன சொல்றாங்கன்னு. ஒம்போது. பத்து. பதினொண்ணு விழுந்ததும் கிளாஸ வெச்சிட்டு எழுந்தாங்க.

"ஒண்ணும் புடிக்கல. வரேன்."

போறப்ப, கவுன்டர் மேல மலையா கெடந்த சேலையப் பாத்துட்டு, "அல்லாத்தையும் மடிச்சு வெச்சிரு. தூசி படப் போவுது"ன்னாங்க.

கங்காதரன் மடிச்சான். பதினொண்ணையும்! நின்னுக்கிட்டே! நாங்க ஆறு பேரும் கைய கட்டிக்கிட்டு அதப் பாத்தோம். பேட்ஜ் நம்பர் எழுதிக்கோடா!

நான் பாத்ரூம் போறேன்னு பொய் சொல்லிட்டு படிக்கட்டுல ஓடினேன். வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டிருந்தாங்க.

"அக்கா! பரீட்ச!"

"அஞ்சாவது கேள்வி கூம்பு தான்டி. கை தானா போச்சு." மஞ்சப் பைலேந்து ஹால் டிக்கெட்ட எடுத்துக் காட்டினாங்க, மீன் பொட்டலத்துக்குக் கட்டற பிளாஸ்டிக்ல சுத்தி பத்திரமா வெச்சிருந்தாங்க. "ஒண்ணு தான் கஷ்டமா கீது. இன்னிக்கு எனக்குக் கோவமே வரல. ராத்திரிக்கு இன்னா கணக்கு போடுவேன்?"

"வேல போச்சேக்கா!"

ரோட்டப் பாத்தாங்க. "ஆமா"ன்னாங்க. "கீது பாரு, வந்துடுச்சு கோவம்"னுட்டு பஸ்ஸுக்கு நடந்தாங்க.

கணக்குல நாப்பத்தி மூணு. பாஸ்! ரயில்வே வேலையெல்லாம் கெடைக்கல, அதெல்லாம் அவ்ளோ சுலபமா கெடைக்காது. இப்ப மந்தைவெளில எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு எஸ்.டி.டி. பூத்ல இருக்காங்க. நாற்காலி சுத்தாது, ஒரு கால் ஆடுது, அடில மடிச்ச பேப்பர் வெச்சிருக்காங்க. கால் நரம்பு அப்டியே தான் இருக்கு, அது இனிமே சரியாகாதாம். ப்ளஸ் டூவுக்கு பாரம் வாங்கி வெச்சிருக்காங்க. எஸ்.டி.டி. கால் பேசிட்டு மீட்டரப் பாத்து சண்ட போடறவங்க தினம் ரெண்டு பேராவது வராங்களாம், கணக்குக்குப் பஞ்சமில்ல.

பொங்கலுக்கு எங்கம்மாவோட அந்தக் கடைக்குப் போனேன். வேணும்னு தான் போனேன். ரெண்டாவது மாடி. அதே பொண்ணுங்க, அதே யூனிஃபார்ம். மத்தியானம் மூணு மணி, ஒரு கஸ்டமர் இல்ல, எல்லாரும் நிக்கிறாங்க. கங்காதரன் இருக்கான். ஸ்டூல் வரல. வேதாந்தம் சார் இப்பவும் வராரான்னு கேட்டேன், வராராம். ஒண்ணும் மாறல. நாம ஒரு ஆள் ஜெயிச்ச கதையக் கேட்டு மூக்க ஒறிஞ்சிட்டு வீட்டுக்குப் போயிடறோம், மிச்சம் நூத்தி எழுபத்தி ஒம்போது பேரு நின்னுக்கிட்டே இருக்காங்க.

அடி ரேக்ல புதுசா ஒரு தூங்கற சரக்கு. காவி கலர்ல கறுப்புப் பட்ட பட்டையா, பாக்கவே சகிக்கல. எனக்கு என்னவோ தோணிச்சு. "அதக் காட்டுங்க"ன்னேன். குல்சும்னு ஒரு பொண்ணு, எங்க ஆறு பேர்ல ஒருத்தி. என்னப் பாத்து ஒரு நிமிஷம் தயங்கினா. "உனக்கு எடுக்காது, சாரு"ன்னா.

நானே குனிஞ்சு எடுத்தேன். மடிப்ப லேசா வெலக்கினேன். வெள்ள அட்டை. பின்பக்கம் பென்சில்ல குட்டி குட்டி எழுத்து. அமிலம் கூட்டல் காரம், சமம், உப்பு கூட்டல் நீர்.

"நல்லாருக்கா?"ன்னு எங்கம்மா கேட்டாங்க. "கண்றாவியா இருக்கும்மா"ன்னு சத்தமா சொன்னேன், கங்காதரன் காதுல விழற மாதிரி. மடிப்பு கலையாம, எடுத்த எடத்துலயே, இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி வெச்சிட்டு வந்தேன்.